லாஞ்சு பம்பும் விருத்தாசலத்து ஃபோர்மேனும்

“அலோ... அலோ... ஆமாங்க, நான்தான்... நான்தாங்க, இஞ்ஞாசி... என்னாது?... சாரா?... இங்க சார் யாரும் பேசல, நான்தான் பேசறேன்... கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, கெணத்துக்குள்ள எறங்கி நின்னு பேசற மாதிரி இருக்குது...”

ஜாடிக் கம்பெனியில் இருந்தது ஒரே ஒரு டெலிபோன். அது மேனேஜர் சுப்புராயன் மேசைமேல் இருந்தது. மூடி இழைக்கிற பகுதியிலிருந்து ஓடிவந்த இஞ்ஞாசியம்மாளுக்கு இரண்டு கையிலும் களிமண். கறுப்பு ரிசீவரில் மண் ஒட்டிவிடக் கூடாதென்று முந்தானையைச் சுற்றிப் பிடித்திருந்தாள். கடலூர் ஓ.டி. துறைமுகத்திலிருந்து டிரங்கால் வந்திருக்கிறது என்று ஆள் வந்து சொன்னதும் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்திருந்தாள். டிரங்கால் என்றால் யாராவது செத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாகக் கிடக்க வேண்டும். பேசுவது புருஷன் ஸ்தனிஸ்லாஸ்தான் என்று தெரிந்ததும், செத்தது அவர் இல்லை என்கிற அளவுக்கு ஒரு நிம்மதி.

“புள்ளைங்க நல்லாத்தான் இருக்குதுங்க, ஸ்கூலுக்குப் போயிருக்குதுங்க... உங்களுக்கு என்னா? நெஞ்சு வலிக்குதா?... இல்லையா... சளியா?... அதுவும் இல்லையா... அப்பறம் எதுக்குங்க டிரங்கால் போட்டீங்க?... பம்பா?... எந்தப் பம்பு?... லாஞ்சுல இருக்கற குடிதண்ணிப் பம்பு. சரி. அதுக்கு ஏன் என்னைய சாருங்கறீங்க?... திரும்பவும் சார்ங்கறீங்க...”

அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். பிறகு மறுபடி வைத்தாள்.

“ஏங்க, பக்கத்துல யாராச்சும் நிக்கறாங்களா?... சரி. உங்க லாஞ்சுத் தலைவரு, அந்த சாரங்கு அர்ச்சுனனா?... உம்... அவருகிட்ட என்னா சொல்லி வச்சிருக்கீங்க?... ஓ... விருத்தாசலத்து ஃபோர்மேனா... பம்பு ஃபோர்மேன்... அந்த ஃபோர்மேன் நானா?... சரி, இருந்துட்டுப் போறேன். சொல்லுங்க.”

எதிரே ஃபைல் பார்த்துக்கொண்டிருந்த சுப்புராயன் தலையை நிமிர்த்தினார். அந்தக் கம்பெனியில் ஃபோர்மேன் என்று யாரும் கிடையாது. இருந்தால் அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

ஆனாலும் ஸ்தனிஸ்லாஸ் சொன்னதில் முழுப் பொய் இல்லை. களிமண்ணைக் கஞ்சி மாதிரி கரைத்துத் தொட்டியில் வைத்திருப்பார்கள். அதைக் கைப்பம்பால் ஏற்றித்தான் ஜாடி அச்சுகளில் ஊற்ற வேண்டும். அந்தப் பம்பு நின்றால் முப்பது பேர் வேலை நிற்கும். ஃபிட்டர் வெளியிலிருந்து வருகிறவர், சொல்லி அனுப்பி மூன்றாம் நாள் வந்து சேருவார். அதனால் ஒன்பது வருஷமாக அந்தப் பம்பு எப்போது முரண்டு பிடிக்கும், எதற்குச் சமாதானம் ஆகும் என்பதெல்லாம் இஞ்ஞாசியம்மாளுக்கு அத்துபடி. இரண்டு தடவை அதைப் பிரித்துப் போட்டுத் தோல் வாசர் மாற்றியதும் அவள்தான். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் ஸ்தனிஸ்லாஸ்.

“மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. தண்ணி வரலன்னா ரெண்டு நாள்ல சரி பண்ணிக்கலாமே, இதுக்குப் போயி டிரங்கால்... இன்னிக்கா?... லாஞ்சப் பாஸ் பண்ற ஆபீசரு இன்னிக்கா வராரு?... எத்தினி மணிக்கு?... பதினொன்றரையா. இப்பவே பதினொண்ணுக்கு அஞ்சு இருக்குது... ஏன், எஞ்சின் நல்லா ஓடுதுல்ல?... வெளக்கு எரியுதுல்ல?... அப்பறம் ஒரு கொடம் தண்ணிக்கா லாஞ்ச பெயிலாக்குவாரு?... உம்... நாலு பேரு நாலு நாளு கடல்ல கெடக்கணும், சரிதான்... சரி, பாஸ் ஆவலன்னா?... உங்களுக்கு என்னா ஆவும்?... வேற டிரைவரா... சாரங்கே சொல்லிட்டாரா...”

அவள் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால்வரை ஸ்தனிஸ்லாஸும் இதே கம்பெனியில்தான் இருந்தார். வெள்ளைக்கல் அரைக்கிற கொட்டகையில் அரவை எஞ்சின் ஓட்டியபடி பதினோரு வருஷம். மாவு மாதிரி பறக்கிற தூசியில் நின்று நின்று, பிறகு ராத்திரியெல்லாம் உட்கார்ந்துகொண்டே தூங்குகிற அளவுக்கு இருமல். டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மருந்து எழுதுவதற்கு முன்னால் வேலையைத்தான் கேட்டார். இந்தத் தூசி இனிமேல் ஆகாது, திரும்பப் போனால் நெஞ்சு போனதுதான் என்று சொல்லிவிட்டார். தெரிந்தவர்கள் காலில் விழாத குறையாகக் கேட்டு, கப்பலுக்குச் சரக்குத் தோணி இழுக்கிற இந்த லாஞ்சில் தற்காலிக எஞ்சின் டிரைவராகச் சேர்ந்தார். லாஞ்சின் தலைவர் சாரங்கு. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வேண்டாம் என்றால் திரும்பி வர இடம் ஒன்றே ஒன்று, அந்தக் கொட்டகை.

“அலோ... இருக்கேன், இருக்கேன்... கட்டாவல. சரி, பம்பச் சொல்லுங்க. எங்க நின்னு பேசறீங்க?... படகுத்துறை ஜெட்டிமேல ஒரு கொட்டாயிலயா... லாஞ்சு பக்கத்துலயே கட்டியிருக்குதா?... ஒரு பலகதான் நடுவுல. நல்லதாப் போச்சு. நீங்க ஓடி ஓடிப் பாத்துட்டு வந்து சொல்லணும். ஓட முடியுமா?... சரி.

“தொட்டியில தண்ணி இருக்குதா?... சிரிக்காதீங்க, நாங்க ஒரு தடவ கரைசலே இல்லாத தொட்டிக்கு அர நாளு பம்பு அடிச்சிருக்கோம்... நேத்து ரொப்புனதா?... முக்கால் தொட்டி. சரி. கைப்பிடி எப்பிடி இருக்குது?... லூசா ஆடுதா, டைட்டா இருக்குதா?... பாத்துட்டு வாங்க. ஒரு பத்து அடி அடிச்சுப் பாத்துட்டு வாங்க...”

காலடிச் சத்தம் போனது. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அது சாரங்கு அர்ச்சுனனுடைய மூச்சாக இருக்க வேண்டும். இஞ்ஞாசியம்மாளும் வாயை மூடிக்கொண்டு மூச்சு மட்டும் விட்டாள். இரண்டு பேரும் அப்படியே ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். இதற்குள் சுப்புராயன் பேனாவை மூடி வைத்துவிட்டார். டிரங்கால் முடிந்ததா என்று கண்ணால் கேட்டார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“ஆங், சொல்லுங்க... மொதல் அஞ்சு அடி வந்துச்சா... அப்பறம் நின்னுடுச்சு... கைப்பிடி?... டைட்டு. எவ்ளோ டைட்டு?... கைய விட்டா?... தானா மேல போவுதா? யாரோ உள்ளேருந்து புடிச்சு இழுக்கற மாதிரியா?... உம்... அப்ப வாசர் போவல. வாசர் போயிருந்தா தொளதொளன்னு இருக்கும். காத்தும் வாங்கல. காத்து வாங்குனா கொறட்ட வுடும்... கொறட்ட வுடுதா?... இல்ல. சத்தமே இல்ல. சரி, அப்ப எங்கயோ அடச்சிருக்குது. தொட்டிக்குள்ள போற கொழாய் முனையில சல்லடை இருக்குதுல்ல, அதப் பாத்தீங்களா?... நேத்தே பாத்தாச்சா... சுத்தமா இருந்துச்சா?... பாத்துட்டு மாட்டி அடிச்சப்ப?... வந்துச்சா?... எவ்ளோ?... நாலு பக்கெட்டு. அப்பறம்?... அப்பறம் நின்னுடுச்சு.”

நாலு பக்கெட் வந்த பம்பு ஏன் நின்றது என்று அவள் யோசித்தாள். அதற்குள் சுப்புராயன், மோட்டாருக்குக் கரண்ட் வரவில்லையோ என்னவோ என்று ஒரு கருத்துச் சொன்னார். அது கைப்பம்பு என்று அவள் அவருக்கு மரியாதையாகத் தெரிவித்தாள். அப்படியென்றால் கரண்ட் இல்லை என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

“இங்க மேனேஜரு கேட்டாரு... ஒண்ணுமில்ல, கரண்டப் பத்தி... நீங்க சொல்லுங்க. தொட்டிக்கும் பம்புக்கும் நடுவுல இருக்கற ரப்பர் ஓஸ் எப்பிடி இருக்குது?... புதுசா? எப்ப மாத்துனீங்க?... நேத்து சாயங்காலமா... பழசு என்னா ஆச்சு?... சப்பையாப் போச்சா? வத்திப்போன அவரக்கா மாதிரி... உம்... புது ஓஸு போட்டு அடிச்சப்ப வந்துச்சா?... வந்துச்சு. அப்பறம் நின்னுச்சு. இப்ப புது ஓஸப் போயித் தொட்டுப் பாருங்க. சும்மா கண்ணால பாத்துட்டு வராதீங்க, கையால அமுக்கிப் பாருங்க... ஓடுங்க...

“அலோ?... யாரு, ஆப்பரேட்டருங்களா?... மூணு நிமிஷம் ஆயிடுச்சா... அந்தப் பக்கம் பேசறவரு ஓஸ் பாக்கப் போயிருக்காருங்க... ரப்பர் ஓஸு... ஆமாங்க, நீட்டிக் குடுங்க... அவரு வந்ததும் அவருகிட்டயே கேட்டுக்குங்க... சாவு இல்லீங்க, தண்ணி வரல...”

ஆப்பரேட்டர் போன பிறகு மறுபடி காலடி வந்தது.

“சொல்லுங்க... புது ஓஸும் சப்பிக்கிச்சா?... அப்ப அடப்பு ஓஸுல இல்ல, ஓஸுக்கு அந்தாண்ட இருக்குது. ஆனா சல்லடையில இல்ல. கொழாயிலயும் இல்ல, அதான் நாலு பக்கெட்டு வந்துச்சே... இருங்க, என்னைய யோசிக்க வுடுங்க... என்னாது?... சாரங்கு என்னா சொல்றாரு?... அவரு நேர்ல பாத்தா தண்ணி வருதா?... நீங்க பாத்தா?... நீங்க பாத்தாலும் வருது. பாக்காதப்பதான் வரல... பம்புக்கு வெக்கமா?... யாரு சொல்றது, சமையக்காரரா?... பூச போட்டாரா?... அவரு ஒரு சூடம் கொளுத்துனாரு, நீங்க மந்திரிச்ச தண்ணி தெளிச்சீங்க... எங்க தெளிச்சீங்க? தொட்டிக்குள்ளயேவா?... அதுக்கப்பறம் வந்துச்சா?... ரெண்டுக்குமே வந்துச்சா. நாலு நாலு பக்கெட்டு.”

அவள் ஒரு கையால் நெற்றியைத் துடைத்தாள். நெற்றியில் களிமண் பட்டது.

“ஏங்க, ஒண்ணு கேக்கறேன். நல்லா யோசிச்சு சொல்லுங்க. பூச போட்டப்ப தொட்டி மூடி தொறந்து இருந்துச்சா, மூடி இருந்துச்சா?... தொறந்துதான் இருந்துச்சு, மந்திரிச்ச தண்ணிய ஊத்தணுமே. சல்லடையப் பாத்தப்ப?... தொறந்துதான் பாக்கணும். ஓஸு மாத்துனப்ப?... அப்பவும் உள்ள எட்டிப் பாத்தீங்க. அப்பறம் மூடுனீங்க... ஒடனே மூடிடுவீங்களா?... கரப்பான் பூச்சி உளுந்துடும்னு. சரி... மூடியத் தொறக்கறது சுலபமா, கஷ்டமா?... ரெண்டு ஆளா?... ரெண்டு ஆளு சேந்து ஸ்குரூ டிரைவர் வுட்டு நெம்பணுமா?... தொறக்கறப்ப ஏதாச்சும் சத்தம் வருதா?... கவனிக்கலையா. போயித் தொறங்க. காத மூடிகிட்ட வச்சுக்கிட்டு மெதுவா நெம்புங்க. புஸ்ஸுன்னு காத்து உள்ள போற சத்தம் கேக்குதான்னு மட்டும் பாத்துட்டு வாங்க... வேற எதையும் தொடாதீங்க...”

இந்தத் தடவை அவளுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. என்ன பதில் வரும் என்று தெரிந்துவிட்டது.

அந்த மூடி அவள் செய்தது. போன மாதம், லாஞ்சுத் தொட்டியின் பழைய தகர மூடி இளித்துக்கொண்டிருக்கிறது, கரப்பான் விழுந்த தண்ணீரைத்தான் குடிக்கிறோம் என்று அவர் எழுதியிருந்தார். தொட்டி வாயின் சுற்றளவுக்கு ஒரு நூலை அறுத்துக் கடிதத்தோடு வைத்திருந்தார். களிமண் சூளையில் சுருங்கும் கணக்கைச் சேர்த்து, நூலைவிட விரற்கடை பெரிதாக அச்சு எடுத்தாள் அவள். மெருகு பூசி, ஓரத்தில் நீலக் கோடு போட்டு, சூளையிலிருந்து வந்ததும் எமரித் தூளால் இரண்டு நாள் உட்கார்ந்து இழைத்தாள். அடியில் ரப்பர் வளையம் போட்டாள். அந்த ஊரில் ஊறுகாய் ஜாடி மூடியை எப்படித் சோதிப்பார்களோ அப்படியே சோதித்தும் பார்த்தாள்: அதே வாயளவுள்ள ஜாடியில் தண்ணீர் ரொப்பி மூடித் தலைகீழாகக் கவிழ்த்தாள், ஒரு சொட்டு இல்லை. மூடியை மட்டும் பிடித்துத் தூக்கினாள், ஜாடியும் கூடவே வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் வேலையை நிறுத்தினார்கள். அவள் இழைத்ததிலேயே நல்ல மூடி அது, முந்தாநாள்தான் லாஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஊறுகாய் ஜாடியிலிருந்து யாரும் பம்பு வைத்து இறைப்பதில்லை. இங்கே கரைசல் தொட்டிக்கு மூடியும் கிடையாது, ஒரு கோணிதான். அதனால் இத்தனை வருஷத்தில் இந்த வியாதியை அவள் பார்த்ததே இல்லை.

“சொல்லுங்க... கேட்டுச்சா... நல்லா கேட்டுச்சா... மூடி தொறந்ததும் ஓஸு?... உப்பிக்கிச்சு. சரி. கண்டுபுடிச்சாச்சு. பம்பு நல்லா இருக்குது, ஓஸு நல்லா இருக்குது, தண்ணி நல்லா இருக்குது... மூடிதாங்க.

“மூடிதான்... தண்ணி வெளிய போனா அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும்ங்க. பழைய தகர மூடி ஓட்ட ஒடசலா இருந்துச்சு, அதால வந்துச்சு. இதுல காத்து பூர வழி இல்ல. நாலு பக்கெட்டு எறைச்சதும் தொட்டி உள்ளுக்கு இழுத்துப் புடிச்சுக்குது. நீங்க தொறந்தா வுட்டுடுது... இல்லீங்க, பம்புல ஒண்ணும் இல்ல, மூடிதான் தப்பு... என்னா இல்ல?... நான் சொல்றேன்ல... மூடியக் கொற சொல்லக் கூடாதா? நான் இழச்சது, நான் சொல்லக் கூடாதா?... பம்ப வேணா தூக்கிக் கடல்ல போடுவீங்களா?... கத்தாதீங்க... ஊரே பாத்த மூடிதான், யாரு இல்லன்னா... நான் ரெண்டு நாளு ஒக்காந்து இழச்சேன்தான், அதுக்காகத் தண்ணி வருமா?... கோவிச்சுக்கலங்க... அழல... நான் எதுக்கு அழறேன்...”

அவள் சட்டென்று நிறுத்தினாள்.

“ஏங்க... நீங்க சார்னு சொல்றத வுட்டுட்டீங்க. ரொம்ப நேரமாச்சு வுட்டு. பேரச் சொல்லிக் கூப்புடறீங்க... பக்கத்துல நிக்கறாரா?... அலோ... அலோ...”

ரிசீவர் கைமாறுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெரிய மூச்சு.

“அலோ... வணக்கங்க... ஆமாங்க... இல்லீங்க, ஃபோர்மேன் யாரும் இங்க இல்லீங்க... நான் அவரு வூட்டுக்காரிங்க. இஞ்ஞாசியம்மா... ஜாடிக் கம்பெனிதாங்க, மூடி இழைக்கற வேலை... பம்பு தெரியுங்க. இங்க ஒண்ணு இருக்குது, ஒம்போது வருசமா நான்தான் பாத்துக்கறேன்... அவரு பொய் சொன்னது தப்புதாங்க. பொண்டாட்டியக் கேக்கறேன்னு சொன்னா நீங்க டெலிபோனத் தொட வுட்டிருப்பீங்களா?... மாட்டீங்க. அதான்.”

சுப்புராயன் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். வெளியே அரவை உருளை ஓடுகிற சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

“ஐயா, ஒண்ணு சொல்லிடறேங்க. அவரு மேல தப்பு இல்ல. அவரு கேட்டது ஒரு மூடி. நான் குடுத்தது ஊறுகா ஜாடி மூடி. எங்களுக்குத் தெரிஞ்ச நல்ல மூடி அதான்... ஆமாங்க, உங்களக் கேக்காம மாட்டுனது அவரு தப்பு. அதுக்கு நீங்க என்னா வேணா சொல்லுங்க. ஆனா டிரைவர மாத்தறதுன்னா ஒண்ணு தெரிஞ்சு மாத்துங்க. அவரு இங்க வந்தா கல்லு அரைக்கற கொட்டாயிக்குத்தான் போவணும். வேற வேலை இங்க இல்ல. அவரு நெஞ்சு அதுக்கு ஆவாது... டாக்டர் சொன்னதுங்க... நான் கெஞ்சலீங்க. தகவலு சொல்றேன்.”

இந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம்கூட ஏறவில்லை. அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

“...உம்... மணி பதினொண்ணு பத்துங்க இங்க... அங்கயும் அதானே... இருபது நிமிசம் இருக்குது, அதுக்குள்ள ஆயிடும். மூடிய எடுத்துட்டு பழச மாட்டலாம்... பழசு எங்க?... கடல்ல போட்டுட்டாரா... தொறந்து வச்சா?... ஆமாங்க, ஆபீசரு தொறந்த தொட்டியப் பாத்தா பெயில்னுவாரு... ஓட்ட போடலாம்னா, வேணாங்க, அங்க போடாதீங்க, பீங்கான் தெறிச்சு ரெண்டாப் போயிடும். நான் சொல்றதச் செய்யுங்க. மூடிக்கு அடியில ரப்பர் வளையம் இருக்குதுங்களா?... பிளேடு இருக்குதா?... சவரம் பண்றதுதான். அந்த வளையத்துல ஒரு எடத்துல, ஒரே எடத்துல, அரிசி அளவுக்கு வெட்டி எடுத்துடுங்க. நெல்லு இல்ல, அரிசி... பெருசா வெட்டுனா கரப்பான் குட்டி பூரும்... வெட்டுன பக்கம் அலத்தண்ணி தெறிக்காத பக்கமாத் திருப்பி வைங்க. எந்தப் பக்கம்னு உங்களுக்குத்தான் தெரியும்... ஆமாங்க, அவ்ளோதான்... நீங்களே வெட்டறீங்களா?... அவருகிட்ட குடுக்க மாட்டீங்களா... அவருக்கு மனசு வராதுதான், வெட்ட மாட்டாரு. நீங்களே வெட்டுங்க.”

ரிசீவரை அவர்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் டெலிபோன்மேல் திருப்பி வைக்கவில்லை, அதனால் கட்டாகவும் இல்லை. தூரத்தில் கூச்சல், பலகை அதிர்கிற சத்தம், ஒரு காக்கை. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு கிறீச், கிறீச் என்று பம்புக் கைப்பிடி. இஞ்ஞாசியம்மாள் எண்ண ஆரம்பித்தாள். சுப்புராயனுக்கும் கேட்கட்டும் என்று ரிசீவரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். அவர் மேசைமேல் கவிழ்ந்து காதைக் கொண்டுவந்தார். எத்தனையாவது அடி என்று அவர் கேட்க, நாற்பது என்றாள். நாற்பதுக்கு எத்தனை பக்கெட் என்று கேட்க, நாலு தாண்டிவிட்டது என்றாள். அவர் நாற்காலியை இழுத்து இன்னும் கிட்டத்தில் போட்டுக்கொண்டார்.

“ஆப்பரேட்டருங்களா... இல்லீங்க, முடியல, வைக்காதீங்க... யாரும் பேசலதான். பம்பு அடிக்கறாங்க... கேக்குதுங்களா? நீங்களும் கேளுங்க, கிறீச்சுன்னு வருது பாருங்க... அதான்... நின்னா சொல்லுங்க...”

சத்தம் நின்றது. அடுத்து வந்தது பூட்ஸ் சத்தம். மெதுவாக, கணக்கான அடிகள். ஆபீசர் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கைப்பிடி மறுபடி கிறீச்சிட்டது, இந்தத் தடவை பழக்கமில்லாத கை, தாறுமாறாக. அது நிற்கவில்லை. இருபது, முப்பது, அறுபது. அந்த மனிதருக்குக் கை வலித்துத்தான் நின்றதே தவிர, பம்பாக நிற்கவில்லை. பிறகு நீண்ட நேரம் பேச்சுக் குரல்கள், எதுவும் பிடிபடவில்லை. சுப்புராயன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததில் முகம் சிவந்துபோனார்.

“அலோ... சாரங்கு ஐயாவா... சொல்லுங்க... ஆங்... அவரே அடிச்சாரா... குடிச்சாரா?... ரெண்டு டம்ளரு... மூடியப் பாத்து என்னா கேட்டாரு?... எந்தக் கம்பெனின்னா?... நீங்க என்னா சொன்னீங்க?... எம் பேரையா சொன்னீங்க?... சரிங்க... கையெழுத்து ஆயிடுச்சா?... சந்தோசங்க... உங்க வூட்டுக்கு ஒண்ணா? எதுக்கு?... நார்த்தங்காயிக்கா... செஞ்சு குடுக்கறேன், அதுக்கென்னா. நூல்ல அளவெடுத்து அனுப்புங்க. அதுக்கு ரப்பர வெட்டக் கூடாது, சொல்லிட்டேன்... ஐயா, அவர... அவர என்னா பண்ணப்போறீங்க?... உம்... நாளைக்கும் அவருதானா... அடுத்த மாசம்?... நெரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்துட்டீங்களா... ஆபீசருகிட்டயேவா... இல்லீங்க, அவரு எங்கிட்ட சொல்லல, எப்பிடிச் சொல்லுவாரு, இப்பதானே... பொய் சொன்னதுக்கு என்னா தண்டனை?... ஒரு வாரம் தொட்டி கழுவணுமா. கழுவட்டும். நல்லாக் கழுவச் சொல்லுங்க.”

சுப்புராயன் தான் ஏதோ ஜெயித்ததுபோல நாற்காலியில் சாய்ந்தார். கரண்ட் இல்லை என்று அப்போதே சொன்னேனே என்றார். ஆமாங்க என்று அவளும் சொன்னாள். அவருக்கு எதிரே இருந்த முக்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்தாள். அந்த ஆபீஸில் அவள் உட்கார்ந்ததே இல்லை. அவர் ஃபைலை ஒதுக்கி அவளுக்கு இடம் விட்டார்.

“அலோ... நீங்களா... கேட்டேன், அவரு எல்லாம் சொன்னாரு... ஆமா, கேட்டேங்க... வெட்டுன எடம் தெரியுதா?... அவ்ளோ சின்னதாவா வெட்டுனாரு, பரவால்ல, நல்ல கையி... வருத்தப்படாதீங்க, ரப்பரதானே வெட்டுனாங்க, மூடி அப்பிடியேதான் இருக்குது... சரி, சரி, நல்ல மூடிதான்... உலகத்துலயே நல்ல மூடிதான், வுடுங்க.

“ஏங்க, ஒண்ணு கேக்கணும்... பம்பு இல்லீங்க, பம்பு முடிஞ்சுது... ஜெட்டிக் கொட்டாயிலேருந்து லாஞ்சுக்கு எத்தினி தடவ ஓடுனீங்க?... நாலா?... ஒவ்வொரு தடவயும் ஓடி வந்து மூச்சு வாங்க எங்கிட்ட பேசுனீங்க. கத்த வேற கத்துனீங்க, மூடியச் சொன்னேன்னு... இல்ல, கத்துனதுக்கு ஒண்ணுமில்ல... நான் இந்தாண்டேருந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்... பம்ப இல்லீங்க. உங்கள... இவ்ளோ நேரத்துல நீங்க ஒரு தடவகூட இரும்பலங்க...

“...அலோ... இருக்கீங்களா?...

“...ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க போயி தொட்டியக் கழுவுங்க. வைக்கறேன்.”